நீடித்த நட்பே நமது சாகசம்

(ஜமாஅத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

'சாகசமும் நட்பும்' என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தபோது முதலில் நமக்கு வியப்பே ஏற்பட்டது. கல்வி, ஒற்றுமை, பெற்றோர் நலம் ஆகிய தலைப்புகளில் பேசிப் பழகிய நமக்கு இது புதிது. தலைப்பு வந்த வழியைப் பின்னர் அறிந்தோம். இளைஞர்களுக்கான மாலை வகுப்பில் ஒரு தம்பி எழுந்து, "எங்கள் வாழ்வில் சாகசம் என்று என்ன இருக்கிறது? விடிந்தால் கடை, பொழுது சாய்ந்தால் வீடு. கடற்கரைச் சாலையில் வண்டியை வேகமாக ஓட்டினால் அதையும் கண்டிக்கிறீர்கள்" என்று கேட்டாராம். நேர்மையான கேள்வி. கண்டிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் விடை சொல்ல வேண்டிய பொறுப்பு பெரியவர்களாகிய நமக்கு உண்டு. அந்தத் தம்பிக்கு விடையளிக்கும் முயற்சியாகவே இவ்வுரையை அமைத்துக்கொள்கிறோம்.

சாகசம் என்னும் சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். சாகசம் என்பது வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். துணிவு என்பது அதன் பொருள். ஆனால் பழைய வடமொழி நீதி நூல்களில் அச்சொல் வன்முறைக் குற்றங்களைக் குறிக்கவும் வழங்கியிருக்கிறது. தமிழிலும் அதற்குப் பாசாங்கு, தந்திரம் என்ற பொருள் உண்டு. ஒருவரைச் 'சாகசக்காரர்' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் குறிப்பிட்டால், அது பெரும்பாலும் பாராட்டாக இராது.

ஆக, துணிவு என்பது தன்னளவில் நல்லதுமன்று, கெட்டதுமன்று. எதற்காகத் துணிகிறோம், யாருக்காகத் துணிகிறோம் என்பதைப் பொறுத்தே அது சிறப்படைகிறது அல்லது இழிவடைகிறது. சாலையில் ஒற்றைச் சக்கரத்தில் வண்டி ஓட்டுகிறவரும் துணிகிறார். தவறு செய்துவிட்டுத் தந்தையின் முன் நின்று, 'நான்தான் செய்தேன்' என்று சொல்கிறவரும் துணிகிறார். இவ்விரண்டில் எது கடினமானது என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள்.

உலகமே வியக்கும் ஒரு சாகசப் பயணியின் வாழ்வை எடுத்துக்கொண்டு, அவர் பயணத்தைத் தாங்கி நின்றது எது என்று பார்ப்போமானால், இது இன்னும் தெளிவாகும்.

தன்னந்தனியே புறப்பட்டவர்

மொராக்கோ நாட்டின் தஞ்சியர் நகரில் 1304 ஆம் ஆண்டு பிறந்தவர் இப்னு பதூதா. 1325 ஆம் ஆண்டு ஜூன் மாதம், தம் 21 ஆம் வயதில், ஹஜ்ஜுக்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அப்போது அவருடைய தாயும் தந்தையும் உயிருடன் இருந்தனர். வழித்துணை எவருமில்லை. ஹஜ் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று எண்ணிச் சென்றவர், ஊர் திரும்பியபோது 24 ஆண்டுகள் கடந்திருந்தன. அதன் பின்னும் ஸ்பெயினின் கிரனாடாவுக்கும், சஹாராப் பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டிற்கும் சென்று வந்தார். அவர் கடந்த தூரம் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் என ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். 1355 ஆம் ஆண்டில், சுல்தானின் ஆணைப்படி, அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்னும் அறிஞர் பயண நூலைத் தொகுத்தார். சீனப் பயணப் பகுதியைப் பற்றி ஆய்வாளர்கள் சிலர் ஐயம் எழுப்பியிருக்கின்றனர். எனினும் அந்நூல் அக்கால உலகைக் காட்டும் அரிய ஆவணம் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

இத்தகைய பெரும் பயணியின் தொடக்கம் எப்படி இருந்தது தெரியுமா? புறப்பட்ட சில வாரங்களிலேயே, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பிஜாயா நகரில், அவருக்குக் கடும் காய்ச்சல் கண்டது. குணமாகும்வரை அங்கேயே தங்குமாறு உடன் வந்த அறிஞர் ஒருவர் அறிவுறுத்தினார். இறப்பதாயினும் ஹிஜாஸை நோக்கிய வழியிலேயே இறப்பேன் என்று இளைஞர் மறுத்துவிட்டார். அந்த அறிஞர் கோபித்துக்கொள்ளவில்லை, கைகழுவிவிடவுமில்லை. "அப்படியானால் உம் கழுதையையும் கனமான மூட்டைகளையும் விற்றுவிடும். பயண விலங்கும் கூடாரமும் நாம் இரவலாகத் தருகிறோம். சுமையின்றி எங்களோடு வாரும்" என்னும் கருத்துப்பட மொழிந்து, சொன்னவாறே செய்தார். சொன்ன அறிவுரையைக் கேளாதவருக்கும் உதவுவதற்குப் பெரிய மனம் வேண்டும்.

காய்ச்சல் தணியாத நிலையில், கீழே விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்து, அவர் துனிஸ் நகரை அடைந்தார். ஊர் மக்கள் எதிர்கொண்டு வந்து பயணிகளை வரவேற்றனர். ஒவ்வொருவருக்கும் தெரிந்தவர்கள் இருந்தனர். சலாம் கூறினர், நலம் விசாரித்தனர். இவரை அறிந்தவர் ஒருவருமில்லை. எனவே இவருக்குச் சலாம் சொல்வாரும் இல்லை. துக்கம் தாளாமல் அந்த இளைஞர் அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஹாஜி ஒருவர் அருகில் வந்து, சலாம் கூறி, ஊருக்குள் நுழையும்வரை பேசிக்கொண்டே உடன் வந்தார்.

அன்புச் சகோதரர்களே, இந்த நிகழ்ச்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அந்த ஹாஜியின் பெயர் பிற்காலத்தில் எவருக்கும் நினைவில்லை. அவர் மலை ஏறவில்லை, கடல் கடந்து போரிடவில்லை. கூட்டத்தில் எல்லோரும் தமக்குத் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, தெரியாதவர் ஒருவரை நோக்கிச் சில அடிகள் நடந்தார், அவ்வளவே. 30 ஆண்டுகளுக்குப் பின், உலகின் பெரும்பகுதியைக் கண்டுவந்த இப்னு பதூதா தம் கதையைச் சொல்லத் தொடங்கியபோது, அந்தச் சில அடிகளை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். முன்பின் அறியாதவரிடம் முதலில் சென்று பேசுவதற்குத் துணிவு தேவை. அவர் முகம் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது, பிறர் நகைப்பார்களோ என்ற அச்சத்தைக் கடக்க வேண்டும். அன்றாட வாழ்வின் சாகசம் என்று நாம் கருதுவது இதைத்தான்.

ஒப்படைக்கப்பட்ட சலாம்

1326 ஆம் ஆண்டில் இப்னு பதூதா எகிப்தின் அலெக்சாந்திரியாவை அடைந்தார். அங்கே புர்ஹானுத்தீன் என்னும் பெரியாரைச் சந்தித்தார். இந்த இளைஞரின் உள்ளத்தில் பயண வேட்கை இருப்பதைக் கண்டுகொண்ட அப்பெரியார், இந்தியாவிலும் சிந்துவிலும் சீனாவிலும் இருக்கும் தம் சகோதரர்கள் மூவரின் பெயரைச் சொல்லி, அவர்களைச் சந்திக்கும்போது தம் சலாமை எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொண்டார். அதுவரை அத்தகைய தொலைவிடங்களுக்குச் செல்லும் எண்ணமே இவருக்கு இருந்ததில்லை. ஆயினும் பல ஆண்டுகள் சென்று, அம்மூவரையும் சந்தித்துச் சலாமைச் சேர்ப்பித்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு சலாமின் எடை என்ன? அதற்குக் கட்டணமில்லை, சுங்கமில்லை, மூட்டையில் இடமும் தேவையில்லை. ஆனால் ஏற்றுக்கொண்ட பின் அது அமானிதம். நம் கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 'சபர்' என்ற சொல்லோடு பிறந்தவர்கள் நாம். பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு, பின்னர் வளைகுடா நாடுகள் எனச் சென்ற சபராளிகள் எழுதிய கடிதங்களில், பாதிக் கடிதம் சலாம் பட்டியலாகவே இருக்கும். இன்னாருக்குச் சலாம், இன்னாருடைய உம்மாவுக்குச் சலாம், பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சலாம். கடிதத்தைப் படித்துக் காட்டுகிறவர் வீடு வீடாகச் சென்று அவற்றைச் சேர்ப்பிப்பார். அந்த வழக்கம் அருகிவிட்டது. இன்று கைப்பேசியில் ஒரே தட்டில் நூறு பேருக்கு வாழ்த்துச் செல்கிறது. ஆனால் ஒருவருக்காக ஒருவர் நடந்து செல்வது குறைந்துவிட்டது.

நம் கரையில் நிகழ்ந்தது

இந்தப் பயணி நம் மண்ணுக்கும் வந்தவர் என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1344 ஆம் ஆண்டில் மாலத்தீவிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பல், காற்றின் போக்கால் இலங்கையை அடைந்தது. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவா ஆதம் மலைக்குச் செல்ல விரும்பிய அவருக்குப் பல்லக்கும் வழித்துணையும் தந்து அனுப்பிவைத்தார். மன்னர் வேறு சமயத்தவர், விருந்தினர் வேறு சமயத்தவர். பாரசீக மொழி இருவரையும் இணைத்தது.

அங்கிருந்து அக்காலத்தில் மஅபர் என்று அழைக்கப்பட்ட நம் சோழமண்டலக் கரையை நோக்கி வரும்போது புயல் தாக்கியது. கப்பல் ஆழமற்ற நீரில் சிக்கியது. பாய்மரம் வெட்டப்பட்டது. பயணிகளுக்காகத் தெப்பம் ஒன்று கட்டப்பட்டது. இப்னு பதூதா நீந்துவதில் தேர்ந்தவரல்லர். அவர் தெப்பத்தில் இறங்க முனைந்தபோது, நெடுநாள் தோழர்கள் இருவர், "எங்களை விட்டுவிட்டா செல்கிறீர்கள்?" என்று கேட்டனர். அவர் அவர்களை முதலில் அனுப்பினார். தம்மிடமிருந்த விலையுயர்ந்த பொருள்களையும் அவர்களோடு அனுப்பிவிட்டுத் தாம் கப்பலிலேயே தங்கினார். இரவு சூழ்ந்தது. கப்பலில் நீர் நிரம்பியது. பின்புற மேல்தளத்தில் ஏறி விடியும்வரை அங்கேயே இருந்தார். காலையில் இக்கரையைச் சேர்ந்த மாற்றுச் சமயத்து மக்கள் படகில் வந்து, எஞ்சியோரைக் கரை சேர்த்தனர்.

சாகசம் என்று நாம் தேடுவது இந்த இரவில் இருக்கிறது. புயலில் அகப்பட்டதில் பெருமை ஏதுமில்லை, புயல் யாருக்கும் வரும். தோழர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் அளித்த விடையில்தான் பெருமை இருக்கிறது. விடிந்ததும் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார்களே, அந்த மீனவர்களோ உழவர்களோ, அவர்கள் செய்ததும் சாகசமே. அது யாருடைய கப்பல், எந்த ஊர்க்காரர், என்ன மதம் என்று கேட்டுக்கொண்டு அவர்கள் வரவில்லை. இக்கரையில் வாழும் நமக்கு அது முன்னோர் விட்டுச் சென்ற பாடம்.

நம் சொந்தக் கதை

பிறருடைய வரலாற்றைச் சொல்வது எளிது. எனவே, தயக்கத்துடனேயே, நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். பெயர்களைத் தவிர்க்கிறோம். அறிந்தவர்கள் பொறுத்தருள்க.

1976 ஆம் ஆண்டு, நம் இருபதாம் வயதில், நாகப்பட்டினத்தில் 'சிதம்பரம்' கப்பலேறிப் பினாங்கு சென்றோம். கப்பல் கரையிலிருந்து விலகி நிற்கும். படகில் சென்றுதான் ஏற வேண்டும். அந்தப் படகுத் துறைவரை நம் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவர், மதரஸாவில் ஒரே பாயில் அமர்ந்து ஓதிய நண்பர். வீட்டுக்கு ஒரே பிள்ளையாதலால் அவர் ஊரிலேயே தங்கிவிட்டார். பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நமக்கு வேலை. அங்கே நம்மையும் அவரையும் சிறுவயது முதல் அறிந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் 'நானா' என்று அழைப்போம். தனிமையில் வாடிய நாள்களில் தம் தட்டிலிருந்து சோறு எடுத்து வைத்தவர் அவர்.

ஊரில் நம் உம்மாவுக்குக் கடிதம் படித்துக் காட்டியவர், அனுப்பிய பணத்தை வங்கியில் மாற்றித் தந்தவர், உம்மா நோயுற்றபோது மருத்துவமனைத் திண்ணையில் படுத்திருந்தவர் அனைத்தும் அந்த நண்பரே. 1980களில் அவர் மூலமாகவே ஒரு மனை வாங்கினோம். 1988 இல் ஊர் திரும்பியபோது, அம்மனையின் கணக்கில் அவர் பணத்தை எடுத்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு நம் காதில் விழுந்தது. நாம் அவரிடம் நேரில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்றாமவர் மூலம் கேட்டோம். அது அவரை எவ்வளவு புண்படுத்தும் என்று எண்ணவில்லை. அவர் ஒரு தாளில் கணக்கு எழுதி அனுப்பினார். அதைப் பிரித்தும் பாராமல் திருப்பி அனுப்பிவிட்டோம்.

அன்று தொடங்கிய மௌனம் 14 ஆண்டுகள் நீடித்தது. ஒரே பள்ளிவாசல், ஒரே வரிசை. சில நாள்கள் தோளோடு தோள் நின்று தொழுதோம். சலாம் கொடுத்து முடித்ததும் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறினோம். மூன்று நாள்களுக்கு மேல் சகோதரரோடு பேசாதிருத்தல் ஆகாது என்று இமாம் அவர்கள் பயான் செய்யும்போது, இருவரும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

1997 ஆம் ஆண்டு ஒரு வேலையாகப் பினாங்கு சென்று திரும்பும்போது, நானா வழியனுப்ப வந்தார். உடல் தளர்ந்திருந்தது. எங்கள் பிணக்கு அவருக்குத் தெரியும். ஆயினும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "ஊர் போனதும் அவனுக்கு என் சலாமைச் சொல்லிவிடு தம்பி" என்று மட்டும் சொன்னார். "சரி நானா" என்றோம்.

சொல்லவில்லை. இன்று நாளை என்று தள்ளிப் போட்டோம். பிறகு மறந்துவிட்டதாக நம்மை நாமே நம்பவைத்துக்கொண்டோம். 2002 ஆம் ஆண்டு ஒரு மாலையில், நானா மவுத்தாகிவிட்டார் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. இன்னா லில்லாஹி என்று சொன்ன அக்கணமே, ஐந்து ஆண்டுகளாக நம்மிடம் தங்கிவிட்ட அந்தச் சலாம் நினைவுக்கு வந்தது. ஒப்படைத்தவர் உலகில் இல்லை. உரியவர் மூன்றாம் தெருவில் இருக்கிறார். இடையில் நின்று அதைத் தடுத்து வைத்திருந்தவர் நாம்.

இஷாத் தொழுகை முடிந்ததும் அவர் வீட்டை நோக்கி நடந்தோம். வங்கக் கடலைக் கடந்தபோது நமக்கு அச்சமில்லை. அந்த மூன்று தெருக்களைக் கடப்பதற்குள் இருமுறை திரும்பிவிட எண்ணினோம். கதவைத் தட்டினோம். அவரே திறந்தார். என்ன பேசுவதென்று ஆயத்தம் செய்து வைத்திருந்தவை அனைத்தும் மறந்துபோயின. "நானா உனக்குச் சலாம் சொல்லச் சொன்னார்" என்றோம்.

"எப்போது?" என்று கேட்டார்.

"ஐந்து வருடம் ஆகிறது."

அவரும் மரணச் செய்தியைக் கேட்டிருந்தார். சற்று நேரம் நிலையைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "வஅலைக்க வஅலைஹிஸ்ஸலாம்" என்று பதில் கூறினார்.

எடுத்துவரப்பட்ட சலாமுக்குப் பதில் கூறும் முறை அதுதான். 'உம்மீதும் அவர் மீதும் சாந்தி உண்டாவதாக' என்பது அதன் பொருள். சலாம் அனுப்பியவருக்கு மட்டுமின்றி, கொண்டுவந்தவருக்கும் அதில் பங்குண்டு. மதரஸாவில் சிறுவயதில் ஒன்றாக மனனம் செய்த அந்த வாசகத்தின் பொருளை, அன்றிரவு அவர் வாயால் கேட்டபோதுதான் நாம் உணர்ந்தோம். 14 ஆண்டுகளுக்குப் பின் அவர் நமக்குச் சொன்ன முதல் சொல் அது.

உள்ளே அழைத்து அமரவைத்தார். தேநீர் வந்தது. எழுந்து சென்று, தகரப் பெட்டியிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்து வந்து நம் முன் வைத்தார். நாம் பிரித்துப் பாராமல் திருப்பி அனுப்பிய அதே கணக்கு. உம்மாவின் மருத்துவச் செலவு உட்பட ஒவ்வொன்றும் நாள் தவறாமல் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கணக்கின்படி அவர் நமக்குத் தரவேண்டியது ஏதுமில்லை. நாமே அவருக்கு 2,350 ரூபாய் தரவேண்டியிருந்தது. அதை அவர் ஒருநாளும் எவரிடமும் சொன்னதில்லை. மறுநாள் பணத்தைக் கொண்டு சென்றபோது, எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். "வேண்டாம்" என்று அவர் சொல்லாதது நமக்கு ஆறுதலாக இருந்தது. கடன் தீர்ந்த பின்தான் சமமாக அமர்ந்து பேச முடிந்தது.

ஆனால் அந்த 14 ஆண்டுகள் திரும்பவில்லை. அவர் மகளின் திருமணத்தில் நாம் இல்லை. நம் உம்மாவின் ஜனாஸாவில் அவர் கடைசி வரிசையில் நின்றுவிட்டுச் சந்தூக்கைத் தொடாமல் சென்றார். சுமக்கும் உரிமை எல்லோரையும்விட அவருக்குத்தான் இருந்தது. இந்தக் கணக்கை எந்தத் தாளிலும் தீர்க்க முடியவில்லை.

சாகசத்தின் விலை

இப்னு பதூதாவின் பயணத்திற்கும் ஒரு விலை இருந்தது. 1348 ஆம் ஆண்டில் டமாஸ்கஸ் நகரில், தம் தந்தை 15 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார் என்ற செய்தியை அவர் கேட்டார். மறு ஆண்டு மொராக்கோ மண்ணில் கால் வைத்த பின், தாயாரும் கொள்ளை நோயில் மறைந்துவிட்டதை அறிந்தார். உலகைச் சுற்றியவர் ஊருக்கு வந்து செய்தது, தாயாரின் கபுரை ஸியாரத் செய்ததே. வெளியே செல்கிறவரின் சாகசத்தை நூலாக எழுதுகிறோம். வீட்டில் காத்திருந்தவர்களின் துணிவை எவரும் எழுதுவதில்லை. நம் ஊர்களில் சபராளியின் வருமானத்தால் எழும்பிய வீடுகளைப் பார்க்கிறோம். அவ்வீடுகளில் தனித்திருந்து பிள்ளைகளை வளர்த்த பெண்களையும், நோயுற்ற முதியோரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற அண்டை வீட்டாரையும் நண்பர்களையும் மறந்துவிடலாகாது.

இன்னொரு செய்தியும் அப்பயண நூலில் உண்டு. சீனாவில், தம் ஊருக்கு அருகிலுள்ள செப்தாவைச் சேர்ந்த புஷ்ரீ என்பவரை இப்னு பதூதா சந்திக்கிறார். முன்னர் டெல்லியில் இளம் மாணவராக அறிமுகமானவர் அவர். தாயகத்திலிருந்து அத்துணைத் தொலைவில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டதும் இருவரும் அழுதனர். சில ஆண்டுகளுக்குப் பின், சஹாராவின் ஓரத்திலுள்ள சிஜில்மாஸா நகரில், அதே புஷ்ரீயின் சகோதரர் வீட்டில் இவர் விருந்தினராகத் தங்குகிறார். உலகம் அத்துணைப் பெரிது, அறிமுகம் அத்துணை அருகில் என்று இதிலிருந்து அறிகிறோம். இன்று நாம் அலட்சியமாகப் பிரிந்து செல்லும் ஒருவரின் வீட்டு வாசலில் நாளை நிற்க வேண்டியிருக்கலாம்.

இளைஞர்களுக்குச் சில சொற்கள்

அன்புத் தம்பிகளே! உங்கள் கேள்விக்கு இப்போது நேரடியாக விடை சொல்கிறோம். உங்கள் வாழ்வில் சாகசம் இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. அதற்கு இரண்டு சக்கர வண்டி தேவையில்லை.

நண்பரோடு கொடுக்கல் வாங்கல் நேர்ந்தால், அன்றே எழுதிவைக்கக் கேளுங்கள். 'நண்பனிடம் போய் எழுத்தா?' என்ற கூச்சத்தைக் கடப்பது துணிவு. எழுதிய தாள் நட்பைக் குறைப்பதில்லை. பின்னாளில் வரும் சந்தேகத்திலிருந்து காக்கும்.

நண்பரைப் பற்றி ஒரு பேச்சு காதில் விழுந்தால், நேரில் சென்று அவரிடமே கேளுங்கள். மூன்றாமவரை அனுப்பாதீர்கள். எழுந்து நிற்கும் ஒரு கேள்வி, நெஞ்சில் படுத்துக்கிடக்கும் பத்துச் சந்தேகங்களைவிட மேலானது.

நண்பர் தவறான வழியில் செல்லும்போது, அவர் கோபத்திற்கு அஞ்சாமல் தடுத்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும், பிஜாயாவின் அந்த அறிஞரைப் போல, கைவிடாமல் உடன் நில்லுங்கள். எல்லோரும் ஒருவரை ஒதுக்கும்போது, புதிதாக மஹல்லாவுக்குக் குடிவந்தவர் பள்ளிவாசலில் தனியே நிற்கும்போது, துனிஸ் நகரின் அந்த ஹாஜியை நினைத்து அவரை நோக்கி நடங்கள்.

பேசாதிருப்பவர் எவரேனும் உங்களுக்கு இருந்தால், மரணச் செய்தி வரும்வரை காத்திராதீர்கள். நாம் காத்திருந்தோம். நானா அனுப்பிய சலாமை, அவர் உயிரோடிருக்கும்போதே சேர்ப்பித்து, 'சொல்லிவிட்டேன் நானா, அவனும் பதில் சொன்னான்' என்று அவரிடம் தெரிவிக்கும் பேறு நமக்குக் கிட்டவில்லை. உங்களுக்கு அது கிட்ட வேண்டும்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிணங்கியிருக்கும் இருவரைப் பற்றிப் பேசுவது எளிது. நானா அதைச் செய்யவில்லை. யார் சரி, யார் தவறு என்று தீர்ப்பும் சொல்லவில்லை. ஒருவர் கையில் மற்றவருக்கான சலாமைக் கொடுத்து அனுப்பினார். அவர் மறைந்த பின்னும் அது தன் வேலையைச் செய்தது. சமாதானம் செய்து வைக்க இதைவிட மென்மையான வழி நமக்குத் தெரியவில்லை.

அந்த நண்பர் இன்றும் நம்மோடு இருக்கிறார். முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். நமக்கும் அருகிலேயே நாற்காலி. தொழுகை முடிந்ததும் இருவரும் ஒரே வாசல் வழியாகவே வெளியேறுகிறோம். அவர் இக்கூட்டத்திலும் இருக்கிறார். இதைச் சொல்லலாமா என்று முன்கூட்டியே அவரிடம் அனுமதி கேட்டோம். "தொகையைச் சரியாகச் சொல்லிவிடு" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டோம்.

இன்றிரவு இங்கிருந்து வீடு திரும்பும்போது, உங்களிடம் யாரேனும் ஒப்படைத்த சலாம் சேர்க்கப்படாமல் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், வீட்டுக்குப் போகும் வழியிலேயே சேர்ப்பித்துவிடுங்கள். தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன, அவர்களும் விழித்திருப்பார்கள்.